நான்கு ஏரி, ஒரே படம்: பைத்தானில் காலத்தொடர் வரைய முழுமையான வழிகாட்டி

சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று பெயர்கள், எதிரே மில்லியன் கன அடியில் எண்கள். இன்றைய எண்ணை மட்டும் பார்த்து என்ன சொல்ல முடியும்? போன ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது, 2015 வெள்ளத்துக்கு முந்தைய வாரம் எவ்வளவு, 2019 கோடையில் எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினால் அட்டவணை ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு நீளும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது, வரைந்துதான் பார்க்க வேண்டும்.

அந்த அட்டவணையை எடுத்து, நான்கு ஏரிகளையும் நான்கு கோடுகளாக ஒரே படத்தில் பைத்தான் மொழியில் வரையப் போகிறோம். நிரல் எழுதிய அனுபவம் தேவையில்லை. எக்செல் கோப்பைத் திறந்து பார்த்த பழக்கம் இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு வரையும் கட்டளை ஒரே ஒரு வரிதான். உழைப்பெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது: தேதியைத் தேதி என்றும் எண்ணை எண் என்றும் கணினிக்குப் புரியவைப்பதில்.

காலத்தொடர் என்றால் என்ன?

ஒரே அளவை வெவ்வேறு நாளில் எடுத்து நாள் வரிசையில் அடுக்கினால் அது காலத்தொடர். பூண்டியின் தினசரி இருப்பு ஒரு தொடர், புழலின் இருப்பு இன்னொன்று. இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் ஒப்பிடலாம். புது யோசனை இல்லை இது. 1786-இலேயே வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் ஒரே கட்டத்தில் இரண்டு கோடுகளாக வரைந்து அச்சிட்டுவிட்டார். அவர் கையால் வரைந்தார், நாம் கணினியை வரையச் சொல்கிறோம்.

என்னென்ன தேவை, எவ்வளவு ஆகும்?

காசு எதுவும் ஆகாது. பைத்தான் இலவசம். அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் இலவசம். வெஸ் மெக்கின்னி 2008-இல் எழுதத் தொடங்கியது. படம் வரையும் மேட்பிளாட்லிப்பும் இலவசம். அது ஜான் ஹண்டர் தொடங்கிவைத்தது.

புதியவர்கள் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம் என்பது என் யோசனை. கூகுள் கணக்கு இருந்தால் கூகுள் கோலாப் தளத்தைத் திறந்து, புதிய நோட்புக் ஒன்றைத் தொடங்குங்கள். பாண்டாஸ், மேட்பிளாட்லிப், பின்னால் வரப்போகும் பிளாட்லி மூன்றும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. காசு கட்டும் திட்டமும் கோலாபில் உண்டு, நமக்கு அது வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு 365 வரிசை என்றால் 15 ஆண்டுக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம் வரிசைகள். பழைய மடிக்கணினிக்கே இது ஒரு பொருட்டில்லை. கைப்பேசியிலும் கோலாப் திறக்கும், ஆனால் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் தட்டி விரல் ஓய்ந்துவிடும்.

கட்டளைகளை எப்படித் தட்டுவது?

இந்த வழிகாட்டியில் கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். இங்கே அடிக்கோடு இருக்கும் இடத்தில் அங்கேயும் அடிக்கோடு வர வேண்டும். பாண்டாஸைப் பிடி என்று சுருக்குவது உலக வழக்கம், நாமும் அப்படியே செய்வோம்.

ஒரு சந்தோஷமான விஷயம்: நாமாக வைக்கும் பெயர்களைப் பைத்தான் 3 தமிழ் எழுத்திலேயே ஏற்றுக்கொள்ளும். அட்டவணைக்கு "நீர்" என்று பெயர் வைத்தால் அது முறைப்படி செல்லும், பிழை வராது. நெடுவரிசைத் தலைப்புகளும் தமிழில் இருக்கலாம்.

முதல் படி: தரவை ஏற்றுவோம்

வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு நாளாகப் பார்த்து எடுக்கலாம், ஆனால் அது தொடக்கக்காரருக்கு வேண்டாத வேலை. 2004 முதலான நாள்வாரி இருப்பைத் தொகுத்த சிஎஸ்வி கோப்பு காகிள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்கு தொடங்கி இறக்கிக்கொள்ளுங்கள். அதில் முதல் நெடுவரிசை தேதி. அடுத்த நான்கும் முறையே பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். புழல் அங்கே ரெட்ஹில்ஸ் என்ற பெயரில் இருக்கும். அலகு மில்லியன் கன அடி. ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் நாளிதழ்களில் நாம் படிக்கும் ஒரு டிஎம்சி.

கோப்புக்கு "ஏரி" என்று பெயர் மாற்றி, கோலாபின் இடப்பக்கக் கோப்புறைப் படத்தைச் சொடுக்கிப் பதிவேற்றுங்கள். பிறகு:

இம்போர்ட் பாண்டாஸ் ஆஸ் பிடி
நீர் = பிடி.ரீட்_சிஎஸ்வி("ஏரி.சிஎஸ்வி")
நீர்.ஹெட்()
நீர்.இன்ஃபோ()

மூன்றாவது வரியைத் தனிக் கட்டத்தில் ஓட்டினால் முதல் ஐந்து வரிசைகளைக் காட்டும். நான்காவது வரியைப் பலர் தட்டுவதில்லை, நாம் கட்டாயம் தட்டுவோம். ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று அது சொல்லும். ஏரிகள் நான்கும் ஃப்ளோட் அல்லது இன்ட் என்று வந்தால் நல்லது. ஆப்ஜெக்ட் அல்லது எஸ்டிஆர் என்று வந்தால் எண்ணுக்கு நடுவே எங்கோ ஒரு கோடோ எழுத்தோ ஒளிந்திருக்கிறது. பிடி.டூ_நியூமெரிக் கட்டளையை, எரர்ஸ் என்ற இடத்தில் "கோயர்ஸ்" கொடுத்து ஓட்டினால், எண்ணாகாதவை எல்லாம் வெற்றிடமாகிவிடும்.

ஒரு கவனம்: கோலாபில் பதிவேற்றிய கோப்பு நிரந்தரம் இல்லை. அமர்வு முடிந்ததும் அழிந்துவிடும். நோட்புக் இருக்கும், தரவு போய்விடும். மூலக் கோப்பை உங்கள் கணினியிலோ கூகுள் டிரைவிலோ வைத்திருங்கள்.

இரண்டாம் படி: தேதியைத் தேதியாக்குவோம்

இங்கேதான் நிதானமாக நடக்க வேண்டும்.

கோப்பை ஏற்றிய கையோடு தேதி நெடுவரிசையைப் பார்த்தால், அது கணினிக்கு வெறும் எழுத்துச்சரம். 01-01-2004 என்பதும் 01-01-2005 என்பதும் அதற்கு அடுத்தடுத்த சொற்கள். அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் எல்லா ஆண்டின் ஜனவரி முதல் தேதியையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தும். அப்படியே மேட்பிளாட்லிப்பிடம் கொடுத்தால் ஒவ்வொரு தேதியையும் தனித்தனிப் பெயராக எடுத்து, ஆயிரக்கணக்கான பெயர்களைப் படத்தின் அடியில் கறுப்புப் பட்டையாக நெருக்கிவைக்கும்.

இதைவிட மோசமான தொல்லை ஒன்று உண்டு. 01-02-2004 என்றால் நமக்குப் பிப்ரவரி முதல் தேதி. பாண்டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் தேடும்; அதற்கு அது ஜனவரி 2. பழைய பதிப்புகள் 12 வரையிலான நாட்களை மாதம் என்று எடுத்துக்கொண்டு, 13 வந்ததும் ஓசைப்படாமல் நாள் என்று மாறிக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. படத்தில் மட்டும் கோடு ரம்பப் பல்லாகத் துள்ளும். 2023-இல் வந்த பாண்டாஸ் 2.0 முதல் இது கண்டிப்பாகிவிட்டது: முதல் தேதியைப் பார்த்து வடிவத்தை ஊகித்து, பொருந்தாத தேதி வந்தால் நின்றுவிடும். நின்றுவிடுவதே நமக்கு நல்லது.

ஊகிக்கவே விடாமல் வடிவத்தை நாமே சொல்லிவிடுவோம். பிடி.டூ_டேட்டைம் கட்டளைக்குத் தேதி நெடுவரிசையைக் கொடுத்து, ஃபார்மேட் என்ற இடத்தில் சதவீதக் குறியோடு டி, இடைக்கோடு, சதவீதக் குறியோடு எம், இடைக்கோடு, சதவீதக் குறியோடு ஒய் என்று மேற்கோளுக்குள் எழுதுங்கள். டியும் எம்மும் சிறிய எழுத்து. ஒய் மட்டும் பெரிய எழுத்து. சிறியதாகப் போட்டால் ஆண்டை 04, 05 என்று இரண்டே இலக்கத்தில் தேடும்.

அடுத்து செட்_இண்டெக்ஸ் கட்டளையால் தேதியை அட்டவணையின் முகவரியாக்கி, சார்ட்_இண்டெக்ஸ் கட்டளையால் வரிசைப்படுத்துவோம். இரண்டையும் செய்த பிறகு நீர்.இண்டெக்ஸ் என்று தட்டிப் பாருங்கள். டேட்டைம்இண்டெக்ஸ் என்று வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாம் படி: அட்டவணை அகலமா, நீளமா?

நம் கோப்பில் ஒவ்வொரு ஏரிக்கும் தனி நெடுவரிசை. இது அகல அட்டவணை, வரைவதற்குத் தோதானது. அரசுத் தளங்களில் கிடைக்கும் பல கோப்புகள் இப்படி இருக்காது. தேதி, ஏரியின் பெயர், இருப்பு என்று மூன்றே நெடுவரிசைகள் இருக்கும். ஒரே நாள் நான்கு முறை வரும். அது நீள அட்டவணை.

நீள அட்டவணையை அப்படியே வரைந்தால் நான்கு ஏரிக்கும் சேர்த்து ஒரே கோடு, ஒரே நாளில் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். பிவட் கட்டளை அதை அகலமாக்கும்: இண்டெக்ஸ் இடத்தில் தேதி, காலம்ஸ் இடத்தில் ஏரியின் பெயர், வேல்யூஸ் இடத்தில் இருப்பு. திரும்ப நீளமாக்க மெல்ட் கட்டளை.

நான்காம் படி: விடுபட்ட நாட்கள்

அட்டவணையில் ஒரு மாதம் முழுவதும் வரிசையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணினி அதைக் கண்டுகொள்ளாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேர்கோடு போட்டுவிடும்; பார்ப்பவர் நீர் சீராக இறங்கியது என்று நம்பிவிடுவார். இதைத் தவிர்க்க:

நீர் = நீர்.ஆஸ்ஃப்ரெக்("டி")

டி பெரிய எழுத்து, நாள் என்று பொருள். விடுபட்ட நாட்களுக்கு வெற்று வரிசை உருவாகும், படத்தில் கோடு அங்கே அறுபடும். ஒரே தேதி இருமுறை பதிவாகியிருந்தால் இந்தக் கட்டளை பிழை காட்டும். இரட்டைகளை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

இடைவெளியை இன்டர்போலேட் கட்டளையால் நிரப்பலாம் என்று பல பாடங்கள் சொல்லும். ஓரிரு நாள் என்றால் நிரப்புங்கள். மாதக்கணக்கு என்றால் விட்டுவிடுங்கள், இல்லாததை இல்லை என்று காட்டுவதுதான் நேர்மை. அதேபோல் பூஜ்யத்தைக் கண்டதும் பிழை என்று அழிக்கக் கூடாது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் உண்மையிலேயே வறண்டன. அந்தப் பூஜ்யங்கள்தான் படத்தின் முக்கியச் செய்தி.

ஐந்தாம் படி: வரைவோம்

நீர்.பிளாட்(ஃபிக்சைஸ்=(12, 5))

முடிந்தது. நான்கு நிறத்தில் நான்கு கோடுகள், ஓரத்தில் பெயர்ப்பட்டி, அடியில் ஆண்டுகள். 12, 5 என்பவை அங்குலத்தில் படத்தின் அகலமும் உயரமும். காலத்தொடருக்கு அகலம் தாராளமாக வேண்டும்.

இப்போது படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபருக்குப் பிறகு கோடுகள் எழும், கோடையில் சரியும். வடகிழக்குப் பருவமழை அப்படியே தெரிகிறது. 2015 இறுதியில் செம்பரம்பாக்கம் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. 2019 நடுவில் எல்லாக் கோடுகளும் தரையில் படுத்துக் கிடக்கின்றன.

ஆனால் ஒப்பீடு இன்னும் நியாயமாக இல்லை. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் வெறும் 1,081. முழுக்க நிரம்பித் ததும்பும் சோழவரம்கூட, மூன்றில் ஒரு பங்கு நீருள்ள செம்பரம்பாக்கத்துக்குக் கீழேதான் தெரியும். ஆகவே இருப்பைக் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்கிச் சதவீதமாக்குவோம். பிடி.சீரீஸ் (இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து) என்ற கட்டளைக்குள் ஏரியின் பெயரையும் கொள்ளளவையும் ஜோடியாகக் கொடுத்து, அட்டவணையை அதனால் வகுத்தால் போதும். பெயர் பார்த்து அதுவே பொருத்திக்கொள்ளும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த நெடுவரிசை முழுக்க வெற்றிடமாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொரு நுணுக்கம்: சோழவரத்தின் கொள்ளளவு முன்பு 881 ஆக இருந்தது. பழைய ஆண்டுகளையும் 1,081-ஆல் வகுத்தால் அந்த ஏரி ஒருபோதும் நிரம்பவில்லை போலத் தெரியும்.

கோடு நடுங்குகிறதா? ரோலிங்(7).மீன்() என்று ஏழுநாள் சராசரி எடுக்கலாம். அது கடந்த ஏழு நாட்களின் சராசரி என்பதால் உச்சங்கள் சில நாள் தள்ளித் தெரியும். வெள்ளத்தின் தேதி முக்கியம் என்றால் சராசரி எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: ஆண்டுகளையே கோடுகளாக்குவோம்

எனக்கு மிகப் பிடித்த படம் இது. ஏரிகளைக் கூட்டி ஒரே தொடராக்கி, ஒவ்வோர் ஆண்டையும் ஒரு கோடாக ஒன்றன்மேல் ஒன்று போடுவது. "இந்த வருஷம் எப்படி?" என்ற கேள்விக்கு நேரான பதில் இதில்தான் கிடைக்கும்.

கூட்டுவதற்கு நீர்.சம்(ஆக்சிஸ்=1, மின்_கவுன்ட்=4). கடைசிப் பகுதியை விட்டுவிட்டால், ஓர் ஏரியின் எண் விடுபட்ட நாளில் கணினி அதைப் பூஜ்யம் போலவே கூட்டி, மொத்த இருப்பு திடீரென்று விழுந்ததாகக் காட்டும். நான்கும் இருந்தால்தான் கூட்டு என்பது அந்தப் பகுதியின் பொருள்.

ஆண்டை ஜனவரியில் தொடங்க வேண்டாம். நம் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அது தரும் நீர் அடுத்த கோடை வரை வருகிறது. டிசம்பர் 31-இல் கோட்டை வெட்டினால் மழை ஒரு கோட்டிலும் அதன் பலன் இன்னொரு கோட்டிலும் போய்விடும். ஜூன் 1-இல் தொடங்குவோம். மாதம் ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் அதே ஆண்டு, குறைவென்றால் முந்தைய ஆண்டு, இது நீராண்டு. தேதியிலிருந்து அந்த நீராண்டின் ஜூன் 1-ஐக் கழித்தால் நாள் எண். பிறகு பிவட்: இண்டெக்ஸ் நாள் எண், காலம்ஸ் நீராண்டு, வேல்யூஸ் மொத்த இருப்பு.

வரைந்தால் பதினைந்து கோடுகள் இடியாப்பமாகச் சிக்கிக் கிடக்கும். மேட்பிளாட்லிப்பின் இயல்பு நிறங்கள் பத்துதான், பதினொன்றாவது கோடு முதலாவதின் நிறத்துக்கே திரும்பிவிடும். வழி எளிது: எல்லா ஆண்டையும் முதலில் வெளிறிய சாம்பலில் வரையுங்கள். அதன்மேல் 2015-ஐ நீலத்திலும் 2018-ஐச் சிவப்பிலும் மட்டும் தடிப்பாகத் திரும்ப வரையுங்கள். 2018 நீராண்டின் கோடு 2019 மே மாதம் ஏறக்குறையத் தரையில் போய் முடியும்.

தமிழில் பெயர் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் மேட்பிளாட்லிப்பில் இரண்டு தடை உண்டு. அதன் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. பெயர்களுக்குப் பதில் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்து வரும், அப்போதும் அடுக்கு சரியாக வராது. செம்பரம்பாக்கத்தில் சகரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். புழலின் முதலெழுத்தில் பகரமும் உகரக் குறியும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். பரவலாகப் புழங்கும் பதிப்புகளில் இதுதான் நிலைமை.

தமிழ்ப் பெயர்கள் வேண்டுமென்றால் பிளாட்லிக்கு மாறுவதுதான் குறுக்குவழி. அது உலாவியில் வரைவதால் தமிழ் பிசகாமல் வரும். பிளாட்லி எக்ஸ்பிரஸின் லைன் கட்டளைக்கு அதே அகல அட்டவணையைக் கொடுத்தால் போதும். கோட்டின்மேல் சுட்டியை வைத்தால் அன்றைய தேதியும் இருப்பும் மிதந்து தெரியும்.

உஷார்

மழையளவையும் நீர் இருப்பையும் ஒரே படத்தில் போட ஆசை வரும். ஒன்று மில்லிமீட்டர், மற்றது மில்லியன் கன அடி. இடப்பக்கம் ஓர் அளவுகோல், வலப்பக்கம் இன்னொன்று வைக்க செகண்டரி_ஒய் என்ற வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள். அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினாலே இரண்டு கோடுகளை எங்கே வேண்டுமானாலும் சந்திக்க வைக்கலாம். அந்தச் சந்திப்புக்குப் பொருளே கிடையாது. மேலே மழை, கீழே இருப்பு என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்து, சப்பிளாட்ஸ் கட்டளையில் ஷேர்எக்ஸ் கொடுத்தால் இரண்டுக்கும் ஆண்டுகள் நேருக்கு நேர் நிற்கும்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். அந்த இரண்டையும் அருகருகே வைக்க வேண்டாம். பெயரைப் பட்டியில் போடுவதைவிட ஒவ்வொரு கோட்டின் வல முனையிலேயே எழுதிவிடுவது நல்லது. பார்ப்பவர் நிறத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சேமிப்பது எப்படி?

சேவ்ஃபிக் கட்டளை, அதில் டிபிஐ=300. அச்சுக்கு அது போதும். இணையத்துக்கு 150 போதும். பிபாக்ஸ்_இன்சஸ் இடத்தில் "டைட்" கொடுத்தால் ஓரத்துப் பெயர்கள் வெட்டுப்படாது. ஷோ கட்டளைக்கு முன்னால் சேமியுங்கள், பின்னால் சேமித்தால் வெற்றுத் தாள்தான் கிடைக்கும். பிளாட்லி படத்தை ரைட்_எச்டிஎம்எல் கட்டளையால் சேமித்து வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். வாங்கியவர் உலாவியில் திறந்துகொள்வார்.

இதே ஆறு படிகள் மேட்டூர், வைகை, பாபநாசம் அணைகளுக்கும் அப்படியே பொருந்தும். நகை விலைக்கும் வெங்காய விலைக்கும்கூட. எதை வரைந்தாலும் படத்தின் அடியில் தரவு எங்கிருந்து வந்தது, எந்த நாளில் எடுத்தது, அலகு என்ன என்று ஒரு வரி போட்டுவிட்டு அனுப்புங்கள். சென்னையின் மொத்த இருப்பைச் சதவீதமாக்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 2020-இல் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடியோடு சேர்ந்ததால், அதையும் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு நான்கு ஏரிகளின் 11,257 இல்லை, 11,757.